சாய்ந்து உண்ணாத மன்னன்

வலை விரிக்காமல், ஈட்டியால் ஒரு காட்டுப்பன்றியைக் கொன்றவன்தான் மக்கெதோனியரின் விருந்தில் மஞ்சத்தில் சாய்ந்து உண்ணலாம். மற்றவர்கள் சிறுவர்களைப் போல நிமிர்ந்து உட்கார வேண்டும். தளபதி தியோதிமோஸ் எத்தனையோ கோட்டைகளைப் பிடித்தவன்; பன்றி மட்டும் அவன் ஈட்டிக்கு வாய்க்கவே இல்லை. தாடி நரைத்த பிறகும் உட்கார்ந்தே உண்டான்.

"பையனுக்கு இன்னுங்கொஞ்சம் பால் ஊத்துங்கப்பா!" என்று பக்கத்து மஞ்சத்திலிருந்து தோழன் கிரத்தேவாஸ் கத்துவான். கூடாரமே சிரிப்பில் குலுங்கும்.

"நீ கொன்னது கிழட்டுப் பன்னிடா. உன் மூஞ்சியப் பாத்தே செத்திருக்கும்!" என்று தியோதிமோஸ் ரொட்டியை அவன்மேல் விட்டெறிவான். கிரத்தேவாஸ் அதைத் திருப்பி எறிவான்.

சென்ற இளவேனிலில், வெற்றி பெற்ற படை ஆற்றங்கரையில் தியோதிமோஸின் தலையில் அரச அடையாளமான வெண்பட்டையைக் கட்டி மன்னனாக்கியது. அன்றைய விருந்திலும் அவன் உட்கார்ந்தே உண்டு, கேலிக்குக் காத்திருந்தான். கிரத்தேவாஸ் கோப்பைக்குள் பார்வையைப் புதைத்துக்கொண்டான். கோடை முழுவதும் அந்த மௌனம் நீடித்தது. பழைய கேலியை ஒருமுறை கேட்டுவிட்டால் போதும் என்றாகிவிட்டது மன்னனுக்கு.

"வேட்டைக்கு வாடா. நான் தப்பவிட்டா சிரிக்க ஒரு ஆளு வேணும்."

"உத்தரவு, மன்னா."

கருவாலி மரங்களிடையே பன்றி வெளிப்பட்டது. பாயவில்லை, தள்ளாடி நின்றது. மன்னன் குத்தினான். கொம்புகள் முழங்கின. ஈட்டியைப் பிடுங்கக் குனிந்தபோதுதான், பின்னங்கால் நரம்புகள் அறுபட்டு, குருதி உறைந்திருந்ததைக் கண்டான்.

"யாருடா அறுத்தது?"

"நல்ல குத்து, மன்னா."

"என்னைப் பாத்துச் சொல்லுடா."

"நாந்தான் அறுக்கச் சொன்னேன். உங்களுக்கு ஒண்ணு ஆயிட்டா எங்க கதி என்ன? நீங்க ராஜான்னு பன்னிக்குத் தெரியாதே."

மன்னனின் உதட்டில் சிரிப்பு அரும்பியது. கிரத்தேவாஸ் அதைக் கவனிக்காமலேயே வெளிறிப்போனான். "வாய் தவறிடுச்சு, மன்னிச்சுடுங்க."

அன்று மாலை வறுத்த பன்றி கூடத்துக்கு வந்தது. செந்நீலத் துணி விரித்த மஞ்சம் மன்னனுக்குக் காத்திருந்தது. அனைவரும் முழங்கையூன்றிச் சாய்ந்து அவனையே பார்த்தார்கள். அவன் மஞ்சத்தின் விளிம்பில் நிமிர்ந்து உட்கார்ந்தான். 'இப்போதாவது சொல், பையனுக்குப் பால் என்று' என்பதுபோல் தோழனை நோக்கினான்.

கிரத்தேவாஸ் மெல்ல எழுந்தான். கால்களைத் தரையில் ஊன்றி, நிமிர்ந்து உட்கார்ந்தான். பின்பு அடுத்தவன், அதற்கடுத்தவன். முதுகு வளையாத கிழவர்களும் முனகியபடி எழுந்து அமர்ந்தார்கள். கூடம் முழுவதும் நரைத்த சிறுவர்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

மன்னன் ரொட்டியை எடுத்து, பழைய வேகத்தில் கிரத்தேவாஸின் மார்பில் எறிந்தான்.

கிரத்தேவாஸ் குனிந்து அதைப் பொறுக்கி இரு கைகளாலும் ஏந்திக்கொண்டான்.

"பெரிய மனசு, மன்னா."