நான்கு பேர் லிஃப்ட்

இரண்டு விண்மீன் திரள் கொத்துகள் மோதிக்கொண்ட படங்களை ஆராயத் தொடங்கிய மூன்றாம் மாதத்திலிருந்து, ஆறாவது மாடி விஞ்ஞானி தனியாக ஏறினாலும் நான்கு பேர் லிஃப்ட் பாரம் அதிகம் என்று கத்தியது. அவள் எடை ஐம்பத்திரண்டு கிலோ. அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்டின் வண்டவாளம் தெரிந்தவர் என்பதால், கல்யாணமான பதினோரு வருஷமும் படியேறியே வீடு வந்து சேர்ந்தார். எடைக்கற்களை அடுக்கிச் சோதித்துப் பார்த்தார். லிஃப்டில் கோளாறு இல்லை. அன்றிலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சோபாவில் அவள் உட்கார்ந்தால் பக்கத்து மெத்தையும் அமுங்கியது. அதையும் மனசில் முடிந்து வைத்துக்கொண்டார்.

வேலையைப் பற்றிக் கேட்டால் அவள் மறைக்கவில்லை. "மோதினப்போ வாயுவெல்லாம் நடுவுலயே சிக்கிக்கிச்சு. கண்ணுக்கே தெரியாத கரும்பொருள் மட்டும் எதுலயும் படாம அந்தப் பக்கம் போயிடுச்சுங்க. கனமே அதுலதான்."

"கண்ணுல படாததை எப்படிக் கண்டுபிடிச்ச?"

"பின்னாடியிருந்து வர்ற வெளிச்சம் அங்க வளையுமே."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள் என்று நினைத்தார் மெக்கானிக். போட்டோ எடுக்கும் சாக்கில் அவளைச் சமையலறை டைல்ஸ் சுவரை ஒட்டி நிறுத்தினார். அவளுக்கு இடப்பக்கம், தோள் உயரத்தில், நேர்கோடுகள் பிதுங்கி வளைந்தன. வேண்டியவர்கள் நிற்கிற இடம்தான் அது.

"யாருடி அது? சொல்லு, இல்லேன்னா நான் போறேன்."

"தெரியலங்க" என்றாள். அதை நம்ப அவர் தயாராக இல்லை. துணிமணியையும் கருவிகளையும் பெட்டியில் திணித்தார். ஆறு மாடி தூக்க முடியாத கனம் என்பதால், அந்தக் கட்டடத்தில் முதல் தடவையாக ஒரு பயணியாக லிஃப்டுக்குள் காலை வைத்தார். லிஃப்ட் கத்தியது. பெட்டியை வெளியே தள்ளினார். அப்போதும் கத்தியது. செருப்பைக்கூடக் கழற்றிப் போட்டார். அது நிறுத்தவில்லை.

வாசலில் சாய்ந்து நின்ற மனைவி சொன்னாள்: "உங்க கூட ஒருத்தர் வர்றதைக் கல்யாணப் போட்டோவுலயே பார்த்துட்டேன். பின்னாடி இருந்த ஜன்னல் கம்பியெல்லாம் வளைஞ்சிருந்துச்சு. யாருன்னு ஒரு நாளாவது கேட்டேனா?"

மெக்கானிக் பெட்டியை உள்ளே எடுத்துவந்தார். அதன்பிறகு இருவரும் சேர்ந்தே படியேறுகிறார்கள். எதிரே இறங்கி வருகிறவர்கள் சுவரோடு ஒட்டி நின்று, நான்கு பேரும் போகட்டும் என்று வழிவிடுகிறார்கள்.