வாலில்லாத புது இனம்

பறவைக் கழகத்துக்கு வரும் படங்களைச் சரிபார்ப்பது என் வேலை. தங்கையின் கணவர் கேமராவை நீட்டினார்.

"மச்சான், உடம்பெல்லாம் கறுப்பு, வாலே இல்ல. புது இனம்! என் பேரையே வெச்சிடுங்க."

பெரிதாக்கிப் பார்த்தேன். வாயோரம் வெள்ளைப் புள்ளி. சாதாரண இரட்டைவால் குருவி. வால் இருக்க வேண்டிய இடத்தில் ரத்தம்.

"வால் எங்க மாப்பிள்ளை?"

"பிறவியிலேயே இல்ல, சத்தியமா!"

பக்கத்திலிருந்த தங்கை பெருமையாகக் கேட்டாள்: "அண்ணா, இவரு தொப்பியப் பாத்தியா? நேத்து இவரே அலங்காரம் பண்ணாரு."

நிமிர்ந்தேன். தொப்பிப் பட்டையில் இரண்டு நீளமான கறுப்பு இறகுகள், நுனி வெளிப்பக்கம் வளைந்து.

"புது இனம் கிடைச்சிடுச்சு மாப்பிள்ளை," என்றேன். "தொப்பியக் கழட்டாம அப்படியே நில்லுங்க. படம் எடுக்கணும்."