கீப்பரை மன்னிப்பதற்குச் சில வரைவுகள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையைத் தேடி நான் எங்கும் போகவில்லை. மூக்குக் கண்ணாடி மாற்றப் போனேன், கதை மாட்டிக்கொண்டது.

எங்கள் தெருமுனையில் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர் அதிகம் பேசாதவர். "மேல் வரி தெரியுதா, கீழ் வரி தெரியுதா" என்பதைத் தாண்டி அவர் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. அன்று எழுத்துப் பலகையின் விளக்கை அணைத்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார்.

"சார், நீங்க கதையெல்லாம் எழுதுவீங்கல்ல?"

"ஏதோ எழுதுவேன்."

"எங்க பையனைப் பத்தி ஒண்ணு எழுதுங்க. படிக்கிறவங்க மனசு இளகற மாதிரி."

அவருடைய பையன் கிரிக்கெட் ஆடுபவன், விக்கெட் கீப்பர். அந்த வாரம் ஊரில் அவனைத் திட்டாத வாய் இல்லை. மனசு இளக எழுதுவது எனக்குக் கைவந்த வேலை. என் வாசகர்கள் சாட்சி. சரி என்று தலையாட்டினேன். சோதனைக் கண்ணாடி மூக்கில் இருந்ததால் அவர் முகம் கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தது. அதுவே போதும் என்று நினைத்தேன்.

2

முதல் தொடக்கம்: "பத்தொன்பது வயது. உலகமே உள்ளங்கையில். ஆனால் அந்த ஒரு நொடியில்..."

அடித்துவிட்டேன். உள்ளங்கையில் பந்து இல்லை என்பதுதானே பிரச்சினையே.

இரண்டாம் தொடக்கம்: "ஏமாற்றுதல் என்றால் என்ன? அறத்தின் எல்லைக்கோட்டை வரைந்தது யார்? நாம் எல்லோரும் ஒருவகையில்..."

எனக்கே கொட்டாவி வந்தது.

மூன்றாம் வழி, நடந்ததை நடந்தபடி சொல்வது. வேறு எதுவும் தோன்றாதபோது எழுத்தாளர்கள் செய்வது.

பெரிய அணிக்கு இளைஞர்களைப் பொறுக்கியெடுக்கும் ஆட்டம் அது. இருபத்து மூன்று வயதைத் தாண்டியவர்களுக்கு இடமில்லை. எதிரணியின் தொடக்க ஆட்டக்காரன் காலையிலிருந்து அற்புதமாக ஆடிக்கொண்டிருந்தான். தேர்வாளர்கள் டீயைக்கூட மறந்துவிட்டு நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டிருந்தார்கள். அப்போது ஒரு பந்து மட்டையின் விளிம்பில் உரசிப் பின்னால் தாழ்வாகப் போனது. நம் கீப்பர் பாய்ந்தான். பந்து புல்லில் குத்தி எழும்பி அவன் கையுறைக்குள் விழுந்தது. அவன் அதை வானத்துக்கு வீசிவிட்டு, கத்திக்கொண்டே ஓடினான்.

நடுவருக்குச் சந்தேகம். "பிடிச்சியாப்பா?" என்று கேட்டார்.

"பிடிச்சேன் சார்."

விரல் உயர்ந்தது. மறுநாள் வந்த பட்டியலில் கீப்பர் இருந்தான், தொடக்க ஆட்டக்காரன் இல்லை.

[அடிக்குறிப்பு: சின்ன மைதானம். மூன்றாம் நடுவர் கிடையாது. ஆனால் மதில்மேல் உட்கார்ந்திருந்த ஒருவரிடம் நல்ல கைப்பேசி இருந்தது. அந்த வீடியோவை நாலு பேருக்கு அனுப்பியவர்களில் நீங்களும் ஒருவர். தெரியாததுபோல் நடிக்க வேண்டாம்.]

3

வீடியோ வெளியானதும் நாடே நீதிபதியானது. "வாழ்நாள் தடை" என்றார்கள். "நடுவருக்கு உங்கப்பா கடையிலயே ஒரு கண்ணாடி போட்டு விடுடா" என்று எழுதினார்கள். கடைப்பலகைமேல் யாரோ தக்காளி எறிந்தார்கள்.

பிறகு கீப்பர் தொலைக்காட்சியில் தோன்றி அழுதான். நன்றாக அழுதான் என்று சொன்னால் தப்பாக நினைப்பீர்கள். ஆனால் நன்றாகத்தான் அழுதான். வக்கீல் எழுதிக் கொடுத்ததை விம்மலுக்கு இடையில் படித்தான்: "அந்த நேரத்துப் பரபரப்பில் பந்து தரையில் பட்டது எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் அவுட் கேட்டிருக்கவே மாட்டேன்."

அவ்வளவுதான். காலையில் தூக்கில் போடச் சொன்னவர்கள் மாலையில் "பாவம், சின்னப் பையன்" என்றார்கள். கிரிக்கெட் வாரியம் ஓராண்டுத் தடை விதித்தது. நன்னடத்தையைப் பார்த்து அதையும் குறைக்கலாம் என்று ஒரு விசாரணைக்கு நாள் குறித்தது. கைக்குட்டைக் கம்பெனி ஒன்று விளம்பரத்தில் நடிக்க அவனை அழைத்தது.

[அடிக்குறிப்பு: கைக்குட்டைக் கம்பெனி பொய். வரி நன்றாக வந்ததால் சேர்த்துவிட்டேன். எழுத்தின் பரபரப்பில் தெரியவில்லை, மன்னியுங்கள். மன்னித்துவிட்டீர்கள், இல்லையா? எவ்வளவு சுலபம், பாருங்கள்.]

4

கதாபாத்திரத்தின்மேல் எனக்கு முதல் சந்தேகம் வந்தது அவனை நேரில் பார்த்தபோது.

கடைக்கு மேலேதான் வீடு. கூடத்தில் கோப்பைகள் அடுக்கிய அலமாரி. அதன்மேல் யாரோ பழைய போர்வையைப் போட்டு மூடியிருந்தார்கள். கீப்பர் ஒல்லியாக இருந்தான். வளைந்த விரல்கள். கீப்பர்களுக்கு அப்படித்தான் ஆகும்.

"அன்னைக்கு என்ன ஆச்சு தம்பி?"

"பரபரப்புல தெரியல சார்."

"கைக்குள்ள வந்தப்போ எப்படி இருந்துச்சு?"

"பரபரப்புல தெரியல சார்."

"மதியம் என்ன சாப்பிட்ட?"

அதற்கும் "பரபரப்புல" என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினான்.

எழுதுகிறவனுக்கு இதைவிடக் கொடுமை இல்லை. மனம் திறந்து பேச வேண்டிய நாயகன் வக்கீலைப்போல் பேசுகிறான். இவன்மேல் இரக்கம் வரவழைக்க நான் என்ன வெங்காயமா நறுக்குவது?

அப்போது அடுக்களையிலிருந்து அவன் அம்மா கையைத் துடைத்தபடி வந்தார். அவரை நான் கதையில் சேர்ப்பதாகவே இல்லை. அவராகத்தான் வந்தார்.

"ஊர் உலகத்துக்கெல்லாம் ஸாரி சொன்னியே, அவுட் ஆனானே அந்தப் பையன், அவன்கிட்ட சொன்னியாடா?"

"இப்ப எதுக்கு அதெல்லாம்?" என்றார் கண்ணாடிக்காரர்.

எனக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை தாள் கிழித்திருக்கிறேன், அவுட் ஆனவனைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. நீங்களும் அவனைப் பற்றிக் கேட்கவில்லை என்பது ஒரு சின்ன ஆறுதல்.

5

அவுட் ஆன தொடக்க ஆட்டக்காரன் தன் மாமாவின் டயர் கடையில் வேலை பார்த்தான். அங்கே எல்லோரும் அவனை 'ஓப்பனர்' என்று கூப்பிட்டார்கள். காலையில் ஷட்டரைத் திறப்பதும் அவன்தான் என்பதால் அந்தப் பெயர் இன்னும் செல்லுபடியானது.

கீப்பரும் அவன் அப்பாவும் நானும் போனபோது காற்றடித்த டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான். (இதைக் குறியீடாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பஞ்சர் போடுகிற இடத்தில் அதைத்தான் செய்வார்கள்.)

"நான்தாண்ணா," என்றான் கீப்பர்.

"தெரியுது. கூட யாரு?"

"அப்பா. இவர் எழுத்தாளர்."

"போட்டோகிராபர் வரலையா?"

நான் சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை.

"மன்னிச்சிடுங்கண்ணா."

"எதுக்கு?"

"அந்த கேட்சுக்கு."

"அதான் உனக்குத் தெரியலையே. டிவில சொன்னியே. தெரியாம நடந்ததுக்கு எதுக்குடா மன்னிப்பு?"

கண்ணாடிக்காரர் குறுக்கே வந்தார். "சின்னப் பையன் தம்பி, ஒரு பரபரப்புல..."

"ஐயா, நீங்க கொஞ்சம் சும்மா இருங்க. நான் அவன்கிட்ட பேசறேன்."

தெருவில் ஒரு லாரி கடந்து போனது. பிறகு கீப்பர் பேசினான். வக்கீலின் குரலில் அல்ல.

"தெரியும்ணா. பந்து குத்தி எழும்பித்தான் வந்துச்சு. கையில விழுந்த தினுசுலயே தெரிஞ்சுது. நான் சும்மாதான் தூக்கி வீசிட்டுக் கத்திக்கிட்டு ஓடினேன். எல்லாரும் ஓடி வந்து கட்டிப் பிடிச்சுட்டாங்க. அப்புறம் நடுவர் கேட்டார். அப்பவாவது சொல்லியிருக்கலாம். நீங்க அங்கயே நின்னு என்னைத்தான் பாத்துட்டிருந்தீங்க. நான் உங்களைப் பாக்காம, பிடிச்சேன்னு சொன்னேன்."

ஓப்பனர் டியூபை வெளியே எடுத்துத் தரையில் போட்டான்.

"நீ சொல்லுவேன்னுதான் நின்னேன். நடுவருக்காக நிக்கல."

கீப்பர் அழுதான். இந்த முறை நன்றாக அழவில்லை; மூக்கு ஒழுகியது.

"விசாரணைக்குப் போறியாமே," என்றான் ஓப்பனர். "இதை அங்க சொல்லுவியா?"

"கிளம்புடா," என்றார் கண்ணாடிக்காரர். பிறகு ஓப்பனரிடம் கையெடுத்துக் கும்பிடுவதுபோல், "தம்பி, அதைச் சொன்னா அவன் ஆட்டமே முடிஞ்சுதுப்பா."

"எனக்கு முடிஞ்சு போச்சுங்கய்யா. அடுத்த தேர்வு வர்றதுக்குள்ள எனக்கு வயசு தாண்டிடும். இவன் தடை முடிஞ்சு வந்து நின்னாலும் சின்னப் பையன்தான்."

கோபமாகச் சொல்லவில்லை. கடை மூடும் நேரத்தைச் சொல்வதுபோல் சொன்னான்.

6

இங்கே ஒரு முடிவு தேவை. வீட்டுக்கு வந்து சில முடிவுகளைத் தயாரித்தேன்.

முடிவு அ: ஓப்பனர் கிரீஸ் கையோடு கீப்பரைக் கட்டியணைக்கிறான். மழை பெய்கிறது. (மழை வேண்டாமா? சரி, தூறல்.)

முடிவு ஆ: ஓப்பனர் ஸ்பேனரை எடுத்து... வேண்டாம். அப்புறம் அவனையும் மன்னிக்க வேண்டி வரும்.

முடிவு இ: ஓப்பனரும் ஒரு காலத்தில் மட்டையில் பட்டும் படாததுபோல் நின்றவன் என்று தெரியவருகிறது. யாரும் யோக்கியனில்லை, ஆகவே எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். விமர்சகர்களுக்கு இது ரொம்பப் பிடிக்கும்.

நடந்தது இது எதுவுமில்லை. விசாரணைக்கு அப்பாவும் வக்கீலும் கீப்பரை நடுவில் உட்காரவைத்து அழைத்துப் போனார்கள். விசாரணைக் குழுத் தலைவர் சம்பிரதாயத்துக்குக் கேட்டார்: "பந்து தரையில பட்டது தெரியாதுன்னு எழுதிக் கொடுத்திருக்கீங்க. அதைத்தானே இப்பவும் சொல்றீங்க?"

"இல்ல சார். தெரியும். பிடிச்சேன்னு சொன்னப்பவும் தெரியும். டிவில அழுதப்பவும் தெரியும்."

வக்கீல் தண்ணீர் கேட்டாராம்.

தடை குறையவில்லை, நாலு வருடமாக நீண்டது. விஷயம் வெளியே வந்ததும், அழுதவனுக்காக உருகிய அத்தனை பேரும் கொதித்தெழுந்தார்கள். "ஃப்ராடு." "எங்க கண்ணீரை வீணாக்கிட்டான்." பொய் சொன்ன நாளில் கிடைத்த மன்னிப்பு, உண்மை சொன்ன நாளில் ரத்தானது. நம் ஜனங்களைக் குறை சொல்ல முடியாது. அழுகிறவனைத்தான் அவர்களுக்குப் பிடிக்கும். அன்று அவன் அழவில்லை.

என் புதுக் கண்ணாடியைக் கொடுக்கும்போது கண்ணாடிக்காரர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "மனசு இளகற மாதிரி எழுதச் சொன்னேன் சார். நீங்க கூட வந்து கெடுத்துட்டீங்க."

படியிறங்கி வந்த அவன் அம்மா, "நேத்துதான் சார் புரண்டு படுக்காம தூங்கினான்" என்றார். கணவர் காதில் விழும்படியே சொன்னார்.

7

கீப்பர் மறுபடி டயர் கடைக்குப் போனான். அப்பா இல்லாமல். நான் ஒட்டிக்கொண்டு போனேன். கதை எழுதுகிறவனுக்கு வெட்கம் கூடாது.

ஓப்பனர் ஒரு வேனின் பின்சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான். செய்தி அவனுக்குத் தெரிந்திருந்தது. எழுந்து, கையைத் துணியில் துடைத்து, கீப்பரிடம் ஒரு வாக்கியம் சொன்னான். கீப்பர் பதிலுக்கு ஒரு வார்த்தை சொன்னான். நான் பக்கத்திலேயே நின்றேன், தெளிவாகக் கேட்டது.

ஓப்பனர் என் பக்கம் திரும்பினான். "சார், இது உங்க கதைல வருமா?"

"வரும். இதுதானே முடிவு."

"இதுக்கு முன்னாடி நடந்ததெல்லாம் போட்டுக்கோங்க. இது வேண்டாம். இது எனக்கும் அவனுக்கும்."

"படிக்கிறவங்க கேப்பாங்களே, மன்னிச்சீங்களா இல்லையான்னு."

"அவங்க எதுக்குக் கேக்கணும்? அவங்களா அவுட் ஆனாங்க?"

எனவே அன்பு வாசகரே, உங்களுக்கு அது கிடையாது. நீங்கள்தான் அவனை ஏற்கெனவே ஒருமுறை மன்னித்து, ஒருமுறை சபித்தும் முடித்துவிட்டீர்களே. இரண்டையும் யாரும் கேட்காமலேயே செய்தீர்கள். மூன்றாவது தீர்ப்பு வேண்டுமென்றால் கீழே இடம் விட்டிருக்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

நானும் யோக்கியன் மாதிரி பேசக் கூடாது. அன்று சாயங்காலம் மேசையில் உட்கார்ந்ததும் முதல் வேலையாக எழுதினேன்:

"ஓப்பனர் அவனிடம் சொன்னது இதுதான்:"

அடித்தேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எழுதினேன். மறுபடி அடித்தேன். அறையில் என்னைத் தவிர யாரும் இல்லை.