கண்ணை மூடிக்கொண்டால் பதினெட்டு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாக வந்திருக்கவே கூடாது. ஒரு பெண்கள் பத்திரிகையின் ஆசிரியை போனில் கூப்பிட்டு, 'முதிர்ந்த சருமத்துக்கு ரெட்டினாலைப் பழக்குவது எப்படி' என்று ஒரு பக்கக் கட்டுரை கேட்டார். "பாசிட்டிவா இருக்கணும் மேடம். படிக்கிறவங்க சிரிச்ச முகமா பக்கத்தைத் திருப்பணும்," என்றார். திருப்பினால் அடுத்த பக்கத்தில் அதே கிரீமின் விளம்பரம் இருக்கும் என்பதை அவர் சொல்லவில்லை. நான் என்ன பச்சைக் குழந்தையா?

முதிர்ந்த சருமமாம். கிழவி என்று சொல்ல வாய் கூசுகிறது, ஆனால் கிழவியின் கைப்பை மட்டும் வேண்டும். சருமம் தனியாக முதிர்ந்து நிற்கிறதாம். உள்ளே இருக்கிறவள் எங்கேயோ வெளியூர் போயிருக்கிறாள் போலிருக்கிறது.

ஆனாலும் உட்கார்ந்து எழுதத்தான் செய்தேன். "ரெட்டினால் என்பது வைட்டமின் ஏ-யின் ஒரு வடிவம். அது தோலின் மேலடுக்கைச் சீக்கிரம் புதுப்பிக்கத் தூண்டி, நாளடைவில் மெல்லிய சுருக்கங்களை—"

அந்த இடத்தில் அண்ணியின் ஞாபகம் வந்தது. கட்டுரை அங்கேயே படுத்துவிட்டது.

[ஒரு குறிப்பு. வீட்டில் நான் அண்ணியிடம் 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவேன். இங்கே 'அவள்' என்று எழுதப் போகிறேன். கதாபாத்திரத்துக்கு மரியாதை கொடுக்க ஆரம்பித்தால் எழுதுகிறவளுக்குக் கை வராது.]

2

தொடக்கங்கள்.

"ஒலிப்பதிவுக் கூடத்தின் இருட்டில் ஒரு குயில்—"

அடித்துவிட்டேன். குரல் நன்றாக இருக்கிற பெண்ணையெல்லாம் குயில் என்று எழுதுகிறவர்கள், விடிகாலையில் ஜன்னலோரம் அந்தக் குயில் நிறுத்தாமல் கத்தும்போது தலையணையால் காதைப் பொத்திக்கொள்கிறவர்கள்தான்.

"அவளுக்கு ஐம்பத்தெட்டு. அவள் குரலுக்குப் பதினெட்டு."

இது பரவாயில்லை. ஆனால் என்னுடையது இல்லை. விருந்தாளிகள் வந்தால் என் அண்ணன் சொல்கிற ஜோக்கின் பாதி இது. மீதிப் பாதிக்கு வருகிறேன்.

சரி, அலங்காரமே வேண்டாம். அண்ணி சினிமாவுக்கு டப்பிங் பேசுகிறவள். திரையில் நடிகை வாயசைப்பாள். இருட்டு அறையில் மைக் முன்னால் நின்று அண்ணி அந்த வாய்க்குள் குரலை வைப்பாள். நடிகைகள் மாறிக்கொண்டே இருப்பார்கள். ஒருத்திக்குக் கல்யாணம் ஆகும், ஒருத்திக்கு மார்க்கெட் போகும், புதிதாக ஒருத்தி வருவாள். குரல் மட்டும் அண்ணியுடையது. படம் முடிந்து அவள் பெயர் திரையில் ஏறுகிற நேரத்தில் ஜனங்கள் செருப்பைத் தேடிக் காலால் துழாவிக்கொண்டிருப்பார்கள்.

அண்ணிக்கு ஐம்பத்தெட்டு ஆன வருஷம்தான் டப்பிங் சங்கத்துக்காரர்களுக்குப் புத்தி வந்தது. குரல் கொடுப்பவர்களை மேடையேற்றிக் கேடயம் கொடுக்கப் போகிறார்கள், டீவியில் காட்டப் போகிறார்கள் என்று அண்ணிக்கு அழைப்பு வந்தது. அவள் அதற்கு ஆசைப்பட்டாள். ஒரே ஒரு தடவை, அந்தக் குரல் இந்த முகத்திலிருந்துதான் வருகிறது என்று ஊர் பார்க்க வேண்டும்.

3

ஜோக்கின் மீதிப் பாதி.

"கண்ணை மூடிக்கிட்டா எனக்குப் பதினெட்டு வயசுப் பொண்டாட்டி," என்பான் அண்ணன். "அதனாலதான் வீட்ல பாதி நேரம் கண்ணை மூடிக்கிட்டே இருக்கேன்."

விருந்தாளிகள் சோபாவில் சாய்ந்து சிரிப்பார்கள். அண்ணியும் சிரிப்பாள். சரியான இடத்தில், சரியான அளவில் சிரிப்பது அவள் தொழில்.

[என் அண்ணனைப் பற்றி ஒரு அடிக்குறிப்பு: தலையில் மிச்சமிருக்கும் முடிக்கு மை தடவுகிறான். அது நெற்றிவரை வழிந்து நிற்கும். அவனுடைய முதிர்ந்த சருமத்தைப் பற்றி எந்தப் பத்திரிகையும் என்னிடம் கட்டுரை கேட்கவில்லை.]

அழைப்பிதழைப் பார்த்ததும் அவன் சொன்னது இது: "பேஷ், பேஷ். உன்னைக் கூப்பிடுறப்ப மட்டும் லைட்டை அணைக்கச் சொல்லு."

அண்ணி அன்றைக்கும் சிரித்தாள். மறுநாள் ஒலிப்பதிவு முடிந்து நேராக வீட்டுக்கு வராமல் ஒரு பெரிய கடைக்குள் நுழைந்தாள்.

4

இந்தக் கடைக் காட்சியில் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு. நான் அங்கே இல்லை. அண்ணி சொன்னதைத்தான் எழுதுகிறேன்; அவள் சொல்கிற எதுவும் நடந்ததைவிட நன்றாக இருக்கும்.

கிரீம் கவுண்டரில் ஒரு பெண். முகம் பளபளவென்று, இப்போதுதான் உறை பிரித்த சோப்பு மாதிரி.

"சொல்லுங்க ஆன்ட்டி."

"இந்தச் சுருக்கத்துக்கு ஏதாவது இருக்கா?"

அந்தப் பெண் கண்ணை விரித்தாள். "ஆன்ட்டி! நீங்க பேசினா அப்படியே அந்த ஹீரோயின் மாதிரியே இருக்கு!"

"அவதான்மா என்னை மாதிரி பேசறா."

பெண்ணுக்குப் புரியவில்லை. சிரித்து வைத்தாள். பிறகு டப்பாவின் பின்பக்கத்தைப் பார்த்து ஒப்பிக்க ஆரம்பித்தாள். பட்டாணி அளவுதான் எடுக்க வேண்டும். முதலில் வாரத்துக்கு இரண்டு ராத்திரி போதும். தோல் பழகின பிறகு கூட்டலாம். முகத்தை ஈரம் போகத் துடைத்துவிட்டுத் தடவ வேண்டும். மேலே ஈரப்பசை கிரீம் போட வேண்டும். கண்ணோரம், மூக்கோரம், வாயோரம் படக்கூடாது. பகலில் சன்ஸ்கிரீன் இல்லாமல் வெளியே போகக்கூடாது.

"எப்ப தெரியும்?"

"மூணு மாசமாவது ஆகும் ஆன்ட்டி."

விழா அடுத்த மாதம்.

5

ஆசிரியை கேட்ட கட்டுரை இந்த இடத்தில் வந்திருக்கும்: "அவசரம் வேண்டாம், தோழியரே! உங்கள் சருமத்துக்கு நேரம் கொடுங்கள்." தோழியராம். நேரம் கொடுக்க நம் கையில் என்ன நேரக் கிடங்கா இருக்கிறது? விளம்பரப் பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது. அவள் காத்திருப்பாள்.

அண்ணி என்ன செய்தாள் தெரியுமா? வேறு யாரும் செய்யாத தப்பு. டப்பிங்காரி மட்டுமே செய்யக்கூடியது.

அவள் தொழிலில் காத்திருப்பது என்பதே கிடையாது. ஒரு வசனம் சரியாக விழவில்லையா, உடனே இன்னொரு டேக். அதுவும் சரியில்லையா, சூடு ஆறுவதற்குள் இன்னொன்று. நாளைக்கு வந்து பார்க்கலாம் என்று அந்த அறையில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. கண்ணாடி முன்னால் நின்று முதல் பட்டாணியைத் தடவினாள். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். ஒன்றும் மாறவில்லை.

"ஒன் மோர்," என்றாள், தனக்குத் தானே.

தினமும். ராத்திரியில் ஒரு டேக், சில நாள் மூன்று டேக். போதாக்குறைக்கு, படக்கூடாது என்ற இடத்தில்தான் அதிகம் தேய்த்தாள். அவளுடைய ஆழமான கோடுகள் வாயைச் சுற்றித்தானே இருந்தன. அவள் சொந்தமாக அழுதது கொஞ்சம். ஊரில் இருக்கிற கதாநாயகிகளுக்கெல்லாம் அழுது அழுது, கத்திக் கத்தி விழுந்த கோடுகள் அவை.

["வாழ்க்கை வரைந்த ஓவியம் போல அந்தக் கோடுகள்—" என்று அடுத்த வரி தானாக வந்தது. விரலை எடுத்துக்கொண்டேன். ஓவியமாம்! அவள் அழிக்கத்தான் நினைத்தாள். அழிக்க நினைத்தவளுக்கு நான் சட்டம் போட்டு மாட்டுவானேன்?]

முதலில் சிவந்தது. பிறகு கன்னத்தில் பொடிப்பொடியாக உரிந்தது. பிறகு வாயின் இரண்டு ஓரமும் வெடித்தது. வேலை செய்கிறது என்று நினைத்து மேலும் தடவினாள்.

6

அந்த வாயோடு ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போனாள். அன்றைக்குக் காட்சி: ரயில் நகர்கிறது, கதாநாயகி பிளாட்பாரத்தில் ஓடிக்கொண்டே 'போகாதே' என்று தொண்டை கிழியக் கத்த வேண்டும். நான் இப்படி எழுதியிருந்தேன்:

"ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். திரையில் அந்த இளைய வாய் அகலத் திறந்தது. இவளும் திறந்தாள். ஓரம் கிழிந்தது. வசனத் தாளின் மேல் ஒரு சொட்டு ரத்தம்—"

எழுதி முடித்த பெருமையில் அண்ணிக்கு அனுப்பி வைத்தேன். காபி ஆறுவதற்குள் போன் வந்தது. பதினெட்டு வயதுக் குரலில் திட்டு வாங்குவது ஒரு தனி அனுபவம்.

"ஏம்மா, என்ன இது, அவ இவன்னு எழுதி வச்சிருக்கே?"

"கதைக்காக அண்ணி."

"கதைக்காகன்னா உங்கண்ணனைக் கழுதைன்னு எழுதேன் பார்ப்போம். அப்புறம், ரத்தம் எங்கேருந்து வந்துச்சு? ரத்தமெல்லாம் ஒண்ணும் வரலை. எரிஞ்சுது. மிளகாய்ப் பொடி பட்ட மாதிரி எரிஞ்சுது. வாயைத் திறக்க முடியலை. அவ்வளவுதான்."

"அப்புறம் எப்படிப் பேசினீங்க?"

"எப்படிப் பேசறது? அரை வாயில முனகினேன். டைரக்டர் தம்பி, 'அடக்கி அழற மாதிரி இருக்கு, சூப்பர்க்கா'ன்னான்."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆகா! வலியே கலையாக மாறுகிறது! இதோ முடிவு, தங்கத் தட்டில்—

"உடனே குஷியாயிட்டியாக்கும்," என்றாள் அண்ணி. "மூச்சு விடறதுலயே தெரியுது. அடுத்த படத்துக்காரன் வெளியில நின்னுக்கிட்டிருந்தான்மா. இந்த டைரக்டர் தம்பி ரூமைக் காலி பண்ணணும். அதான் சூப்பர்."

தங்கத் தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

7

விழாவுக்கு இரண்டு நாள் முன்பு அண்ணன் அவளை வெளிச்சத்தில் பார்த்தான். அதுவரை பார்க்கவில்லையா என்று கேட்காதீர்கள். அவன்தான் பாதி நேரம் கண்ணை மூடிக்கொண்டிருப்பவன் ஆயிற்றே.

"என்னது இது? மூஞ்சியில சுண்ணாம்பு உதிர்ற மாதிரி உதிருது!"

"சரியாயிடும்."

"என்ன சரியாயிடும்? நாளன்னிக்கு டீவிக்காரன் வர்றான். இதோட போய் நின்னா எனக்குத்தான் அசிங்கம்."

எனக்குத்தான். அந்தச் சொல்லைப் பாருங்கள். நான் சேர்த்ததில்லை.

பிறகு குரலைத் தணித்துக்கொண்டான். அன்பு வந்துவிட்டால் அவன் இன்னும் ஆபத்தானவன். "நீ வீட்ல ரெஸ்ட் எடு. உடம்பு சரியில்லைன்னு சொல்லிக்கலாம். நான் போய் மேல ஏறி வாங்கிட்டு வந்துடறேன். புருஷன்னு சொன்னா கொடுக்க மாட்டேன்னா சொல்லுவாங்க?"

அண்ணி பதில் சொல்லவில்லை. வாயோரம் எரிந்தது என்பது ஒரு காரணம். அவன் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான். நீலச் சட்டையைத் தேய்த்தான். தலைக்கு மை போட்டான். நிலைக்கண்ணாடி முன்னால் நின்று நன்றியுரைக்கு ஒத்திகை பார்த்தான். "என் மனைவியின் சார்பாக..." அடுப்படியிலிருந்து அண்ணி சொன்னாளாம்: "'சார்பாக'வை முழுங்காதீங்க. கடைசி வரிசைக்குக் கேட்காது."

இதைக் கேட்டு நான் சிரித்தேன். பிறகு வெகுநேரம் எனக்கு எழுத ஓடவில்லை. அத்தனை ஆத்திரம்.

8

முடிவுகள். கடையில் துணி விரித்துக் காட்டுவது மாதிரி விரிக்கிறேன்.

ஒன்று. அண்ணி கிரீமை நிறுத்தி, தேங்காய் எண்ணெயோ ஏதோ தடவி, விழா நாள் காலையில் கண்ணாடி பார்த்தால் கன்னம் மின்னுகிறது. இது பத்திரிகை ஆசிரியைக்குப் பிடிக்கும். அவரிடமே கொடுத்துவிடலாம்.

இரண்டு. அண்ணி உரிந்த முகத்தோடு மேடையேறி, "இந்தச் சுருக்கங்கள்தான் எனக்குப் பதக்கம்!" என்று முழங்குகிறாள். அரங்கமே எழுந்து கைதட்டுகிறது. தட்டுகிற கைகளில் பாதி, வீட்டுக்குப் போய் அதே பட்டாணியைத்தான் பிதுக்கும். த்தூ.

மூன்று. அண்ணன் கேடயத்தோடு வருகிறான். அது டீவிக்குப் பக்கத்தில் உட்காருகிறது. வாரா வாரம் அண்ணி அதைத் துடைக்கிறாள். மூன்றில் நம்பும்படி இருப்பது இதுதான். அதனாலேயே எனக்கு இதைக் கண்டால் பற்றிக்கொண்டு வருகிறது.

9

விழாவுக்கு நான் போயிருந்தேன். முன்வரிசையில், அண்ணனுக்குப் பக்கத்து நாற்காலி. தலை மை வாசனை தாங்கவில்லை.

பெயர் அழைத்தார்கள். அண்ணன் எழுந்தான். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, மேடையோரப் படியில் ஒரு காலை வைத்தான்.

"நீங்க உட்காருங்க. நான் வந்திருக்கேன்."

திரைக்குப் பின்னாலிருந்து, அறிவிப்பாளரின் மைக்கில். அந்தக் குரலைத் தெரியாத ஆள் அந்த அரங்கத்தில் ஒருவரும் இல்லை. எல்லாரும் கழுத்தை நீட்டி நடிகையைத் தேடினார்கள். அண்ணன் மட்டும் தேடவில்லை. படியில் வைத்த கால் வைத்தபடி நிற்க, கண்ணை இறுக்க மூடிக்கொண்டான். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

திரை அசைந்தது.

இங்கே ஒரு முகத்தை எழுத வேண்டும். உரிந்து போயிருந்ததா, பவுடர் அப்பியிருந்ததா, அழகாக இருந்ததா, கோரமாக இருந்ததா. நான் இருந்த இடத்திலிருந்து எல்லாம் தெரிந்தது. ஒரு பக்கம் எழுதியும் வைத்திருந்தேன். அனுப்புவதற்கு முன் எதற்கும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாமே என்று போன் செய்தேன்.

"என் மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு ஒரு வரி எழுதினே, தொலைச்சுடுவேன் உன்னை."

"படிக்கிறவங்களுக்குத் தெரியணுமே அண்ணி."

"எதுக்குத் தெரியணும்? பார்க்கணும்னு இருந்தவங்க வந்திருக்கணும்."

அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன். ஆகவே திரை பாதி விலகிய இடத்தில் கதையை விடுகிறேன். அண்ணன் படியில் ஒரு காலோடு நிற்கிறான். கண்ணைத் திறந்தானா இல்லையா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். என் அண்ணி திரும்பிப் பார்க்கவில்லை. அவர் நேரே மைக்கை நோக்கி நடந்தார்.