நாலாவது ஃப்ரெட்

முதுகுக்கு முட்டுக் கொடுத்திருந்த தலையணை மறுபடியும் நழுவியது. அப்பா அதைக் கவனிக்கவில்லை. மடியில் கிடந்த கிட்டாரின் கழுத்தைப் பிடித்து, சுட்டுவிரலை ஆறு கம்பிகளுக்கும் குறுக்கே கிடத்தி அழுத்தினார். மீட்டினால் தகரத்தைத் தட்டின மாதிரி சத்தம்.

"விரல் முதல்ல செத்துப்போச்சு," என்றார். "மத்ததெல்லாம் வரிசையில நிக்குது."

பாதி ஆயுசு ஓட்டல் மேடைகளில் வாசித்தவர். இன்றோ நாளையோ என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனது அவர் காதிலும் விழுந்திருந்தது. போகும் முன் ஒரே ஒரு தடவை அந்தப் பாட்டை வாசித்துவிட வேண்டும். காதலித்த காலத்தில் அம்மாவுக்காக அவர் கட்டியது. நாலாவது ஃப்ரெட்டில், கழுத்தின் குறுக்கே பதித்த நாலாவது பட்டையில், பிடித்தால்தான் அவள் குரலுக்குச் சேரும். இறக்கினால் குரல் கிணற்றுக்குள் போய்விடும். எதிர்க் கட்டிலில் அம்மா பாடத் தயாராக உட்கார்ந்திருந்தாள்.

அவர் பக்கத்தில் நின்ற மகளின் ஸ்வெட்டர் பையில் கேபோ இருந்தது. கம்பிகளைக் கழுத்தோடு சேர்த்துக் கவ்வும் சின்ன இடுக்கி. மாட்டிவிட்டால் குறுக்கே விரல் வேண்டாம். அவருக்காகத்தான் தன் வீட்டில் தேடி எடுத்து வந்திருந்தாள்.

சிறுமியாக இருந்தபோது, விரல் எட்டாமல், அதை மாட்டிக்கொண்டுதான் வாசிப்பாள். ஒருநாள் பாண்டுக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் அப்பா அதைக் கழற்றித் தூக்கிக் காட்டினார். "பாருங்கய்யா, நொண்டிக்கு ஊன்றுகோல்! இனிமே இவ பேரு கிளிப்பு." பெயர் ஒட்டிக்கொண்டது. அம்மாவும் அப்படியே கூப்பிட்டாள். கட்டிக்கொண்டவனும், ஏன் எதற்கு என்று கேட்காமலே.

அப்பா குரலைத் தாழ்த்தினார். "ஏ கிளிப்பு. அது வச்சிருக்கியா?"

"எது?"

"அதான்... உன் ஊன்றுகோல்."

அவள் கை பைக்குள் போனது.

"என் பேரைச் சொல்லிக் கேளுங்கப்பா."

"என்னது?"

"ஒரே ஒரு தடவை. நீங்க வச்ச பேருதானே."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். உதட்டோரம் பழைய மேடைச் சிரிப்பு வந்தது.

"ரெண்டுமே நான் வச்சதுதான். இதுதான் உனக்குப் பொருத்தம்."

"கொண்டு வரலப்பா," என்றாள்.

அவர் பார்வை ஸ்வெட்டர் பையில் புடைத்திருந்த கையில் போய் நின்றது. இன்னொரு முறை கேட்கவில்லை.

"அங்க என்ன குசுகுசுன்னு?" என்றாள் அம்மா. "எவ்வளவு நேரம் தொண்டையச் செருமிக்கிட்டே உக்காந்திருக்கிறது? ஆரம்பிங்க."

அவர் விரலைப் போட்டு அழுத்தினார். நகம் வெளுத்தது. அம்மா முதல் அடியை எடுத்தாள், கம்பிகள் கடகடத்தன. இரண்டாவது அடியில் நிறுத்திவிட்டாள்.

"வேணாம் விடுங்க. நாராசமா இருக்கு."

அதன்பிறகு அவர் கண்ணைத் திறக்கவில்லை. பொழுது சாயும் முன் மூச்சு நின்றது.

செய்தி கேட்டு முதலில் வந்தவர் பாண்டின் டிரம்ஸ்காரர். அப்பாவின் சில்லிட்ட இடது கையைத் தூக்கித் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார்.

"கடைசி வரைக்கும் கேபோவைத் தொடாத கை அண்ணி இது. ராஜா கை!"

"ஆமா," என்றாள் அம்மா. "கடைசியில மட்டும் என்னமோ சொதப்பிட்டாரு."

மகள் சுவரோரம் நின்றாள். பைக்குள் இடுக்கியின் வாயைத் திறந்து, சுட்டுவிரலை உள்ளே கொடுத்து, அதை மூடவிட்டாள். ஸ்பிரிங் இன்னும் நல்ல இறுக்கமாகத்தான் இருந்தது.

"கிளிப்பு, நின்னுக்கிட்டே இருக்கியே? வர்றவங்களுக்கு நாற்காலி எடுத்துப் போடு."

அவள் பைக்குள் இருந்த கையை எடுக்காமல், ஒற்றைக் கையாலேயே நாற்காலிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள்.