ஒரு நாள் வலம், மறுநாள் இடம்

ஏரியைச் சுற்றியுள்ள காட்டில் முதல் சைக்கிள் பாதையை வெட்டியவர்கள் நாங்கள். நிலம் அப்பாவுடையது. அளந்தவன் நான், நில அளவைதான் என் தொழில். ஓடைகளின் மேல் பலகைப் பாலம் அடித்தவர் எங்கள் பக்கத்து வீட்டுத் தச்சர். அதில் முதன்முதலாக விழாமல் ஓட்டியவள் என் தங்கை. இன்று ஐந்து பாதைகள், வண்டி நிறுத்த இடம், தேநீர்க் கடை என்று எல்லாம் வந்துவிட்டன. நுழைவாயிலில் மட்டும் அன்றுபோலவே அப்பாவின் பெயர். அந்தப் பெயரைப் பார்த்து ஒருவர் முகம் சுளிக்க நான் இடம் கொடுத்ததில்லை.

அந்தக் காலத்துச் சைக்கிள்களில் ஸ்பிரிங் எல்லாம் கிடையாது. வேர்களின் மேல் இறங்கினால் பல்லெல்லாம் ஆடும். மழை ஈரத்தில் பிரேக் பிடித்தால் அது போடும் சத்தத்தில் ஏரிப் பறவைகள் கூட்டமாக எழுந்து பறக்கும். பிற்பகலில் மரங்களுக்கு நடுவே தண்ணீர் துண்டு துண்டாக மின்னும். தங்கை எப்போதும் எனக்கு இரண்டு திருப்பம் முன்னால் இருப்பாள். ஆள் தெரியாது, குரல் மட்டும் வரும்.

"அண்ணா, வர்றியா? இல்ல, கயிறு கட்டி இழுக்கணுமா?"

கோபம் வரும். ஆனால் அத்தனை சந்தோஷமாக நான் வேறெங்கும் மூச்சு வாங்கியதில்லை.

பாதை ஓராள் அகலம்தான். எதிரெதிரே வந்தால் மோத வேண்டியதுதான். அதனால் ஒரு விதி வைத்தோம். இரட்டைப்படைத் தேதிகளில் எல்லாரும் ஏரியை வலமாகச் சுற்ற வேண்டும். ஒற்றைப்படைத் தேதிகளில் இடமாக. வாசலில் ஒரு மர அம்பு. காலையில் வேலைக்குப் போகும் வழியில் அதைத் திருப்பி வைப்பது என் பொறுப்பு.

பாதை திறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பாறைத் திருப்பத்தில் தங்கையும் தச்சரும் நேருக்கு நேர் மோதிக்கொண்டார்கள். தச்சரின் வலது தோள் நொறுங்கிவிட்டது. அவர் அம்பு காட்டியபடி வலமாக வந்தவர். தங்கை இடமாக வந்திருந்தாள்.

"அம்பைப் பாக்கலையா நீ?"

"எதுக்குப் பாக்கணும்? இன்னைக்கு ஒண்ணாம் தேதி. ஒற்றைப்படை."

"நேத்து எந்தப் பக்கம் போன?"

"இடம்."

"ஒரு நாள் வலம், மறுநாள் இடம். அப்ப இன்னைக்கு?"

அவள் குனிந்து தன் கைகளைப் பார்த்தாள். கையெல்லாம் தச்சரின் ரத்தம். அந்த வருடம் முழுக்க அவள் ஓட்டக் கூடாது என்று அங்கேயே, எல்லார் முன்னாலும் சொன்னேன். "சொந்தத் தங்கச்சின்னுகூடப் பாக்கலையே!" என்று வந்தவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அப்பா என் முதுகைத் தட்டினார்.

மாலையில் எங்கள் சைக்கிள் சங்கத்து நோட்டில் நடந்ததை எழுத உட்கார்ந்தபோதுதான் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தேன். முந்தின நாள் முப்பத்தொன்று. அதுவும் ஒற்றைப்படை, ஒன்றும் ஒற்றைப்படை. அன்று காலை நான் அம்பைத் தொட்டிருக்கவே கூடாது. தினமும் திருப்புகிற பழக்கத்தில் கை தானாகத் திருப்பியிருந்தது. தங்கை வந்த பக்கம்தான் சரி.

நோட்டை மூடி வைத்தேன். அடுத்த மாதமே, பாதுகாப்பு என்று சொல்லி, எந்நாளும் வலம் மட்டும் என்று விதியை மாற்றினேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

தங்கை அதன்பின் சைக்கிளைத் தொடவில்லை. கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டாள். தச்சரிடம் அவள் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவார்.

பாதையின் நாற்பதாம் ஆண்டுக் கூட்டத்துக்கு அவள் வந்தாள். காலையில் என் சமையலறையில் காபியை ஆற்றிக்கொண்டே சொன்னாள்:

"தச்சரண்ணன் வர்றாராமே. எல்லார் முன்னாடியும் அவர்கிட்ட மன்னிப்புக் கேக்கப் போறேன்."

"பழசை எதுக்குக் கிளறுற?"

"உனக்கென்ன, இஸ்திரி போட்ட சட்டையாட்டம் வாழ்ந்துட்ட. மேல்தட்டுலருந்து ஒரு டப்பா எடுக்கறப்பல்லாம் எனக்கு அவர் கை ஞாபகம் வருதுண்ணா. அவரால இப்படித் தூக்க முடியாதேன்னு."

காரில் போகும்போது மூன்று முறை வாயைத் திறந்தேன். மூன்று முறையும் சாலையில் உள்ள குழிகளைப் பற்றித்தான் பேசினேன்.

நுழைவாயிலை ஒட்டிய தேநீர்க் கடை முன்னால் நாற்பது, ஐம்பது பேர். தச்சர் இடது கையில் கோப்பையுடன் உட்கார்ந்திருந்தார். தங்கை நேராக அவரிடம் போனாள்.

"அண்ணே, அன்னைக்கு நான் செஞ்ச தப்புக்கு..."

"அவ தப்பு இல்ல," என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "அம்பைத் தப்பா வெச்சது நான்."

முப்பத்தொன்றையும் ஒன்றையும் விளக்கினேன். தச்சர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார்.

"அட, அப்ப நாப்பது வருஷமா தப்பான ஆளைத் திட்டிட்டிருந்தேனா?"

யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள். நான் நின்றது அப்பாவின் பெயருக்கு நேர் கீழே. அண்ணாந்து பார்க்கவில்லை.

"உனக்கு எப்பத் தெரியும்?" என்று தங்கை கேட்டாள்.

"அன்னைக்குச் சாயங்காலமே."

"நீ கணக்குல தப்பவே மாட்டேன்னு நம்பிட்டேன்ணா. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஓட்டிக்கிட்டே இருந்திருப்பேன். இப்ப ரெண்டு முட்டியும் போச்சு."

அவள் தச்சரிடம் திரும்பினாள்.

"ஒரு சுத்து நடக்கலாமா அண்ணே? இடமா."

"கைதானே போச்சு, கால் இருக்கே. வாம்மா."

நான் அங்கேயே நின்றேன். பத்தடி போனபின், திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்:

"நிக்காத. முன்னாடி போய் எதிர்ல வர்றவங்களை நிறுத்து."

போனேன். பாறைத் திருப்பத்தில் ஒருவர் சறுக்கிக்கொண்டு வந்து என் முழங்காலை ஒட்டி பிரேக் பிடித்தார். முகத்தில் சேறு.

"பெரியவரே, இது ஒருவழிப் பாதை! இந்தப் பக்கமா வரக் கூடாது!"

"தெரியும். விதி போட்டவனே நான்தான். கொஞ்சம் ஓரமா நில்லுங்க," என்றேன். "என் தங்கச்சி வர்றா."