ஐந்தாம் வகை ஓடை

செத்துப் போய்விட்டால் வாதத்தில் ஜெயித்ததாக ஆகிவிடுமா அண்ணா?

அவள் வாய்விட்டுக் கேட்கவில்லை. அண்ணனின் வலது கையைச் சட்டைக்குள் நுழைத்துக்கொண்டிருந்தாள். கை வர மறுத்தது. உயிரோடு இருந்தபோதும் இப்படித்தான், யார் இழுத்த பக்கமும் அவன் வந்ததில்லை. முழங்கையை மெல்ல மடக்கி, மணிக்கட்டை வெளியே எடுத்து, பொத்தானைப் போட்டாள். விரல்கள் சுத்தமாக இருந்தன. சேறு படாத நகங்கள். வாழ்நாள் முழுக்க ஓடைகளைப் பற்றியே பேசிய மனிதனின் நகங்கள்.

"கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வருதா பாரு," என்றாள் அத்தை, கட்டிலின் அந்தப் பக்கத்திலிருந்து, வேறு யாருக்கோ சொல்வதுபோல. "கூடப் பொறந்தவடி நீ. பூச்சிகூடவே பழகி உனக்கும் ரத்தம் வெளுத்துப் போச்சு."

"கழுத்துப் பொத்தான் போடணும் அத்தை. தலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க."

"வேண்டாம், இறுக்கும்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சொன்ன பிறகுதான் அத்தைக்கு அந்தச் சொல் உறைத்தது. முகத்தைப் பொத்திக்கொண்டு நாற்காலியில் சரிந்தாள். இவள் பொத்தானைப் போடாமல் விட்டாள்.

அழுகை வராததற்குக் காரணம் அவளுக்குத் தெரியும். அழுகை இருக்க வேண்டிய இடத்தில் நேற்று மதியத்திலிருந்து வேறொன்று உட்கார்ந்திருந்தது. இதே கட்டிலில் தலையணையில் சாய்ந்தபடி அண்ணன் சொன்னான்: "லேபிள் மாறியிருக்கும் பூச்சி." சின்ன வயதிலிருந்து அவளுக்கு அவன் வைத்த பெயர் அது. "மாறல," என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். சாயங்காலம் அண்ணியின் போன் வந்தது. அவ்வளவுதான். இனி அந்தப் பேச்சைத் தொடர ஆளில்லை.

இருவருக்கும் ஒரே அலுவலகம். மாடியில் வரைபடங்களோடு அவன், கீழே குப்பிகளோடு அவள். சரிவு, அகலம், படுகையில் கல்லா சேறா, ஓட்டத்தின் வேகம், இவற்றை மட்டும் வைத்து எல்லா ஓடைகளையும் அவன் வகை பிரித்தான். ஓடையின் வகை தெரிந்தால் அதில் என்ன உயிர் இருக்கும் என்று மேசையிலிருந்தே சொல்லிவிடலாம், ஒவ்வொன்றிலும் இறங்கிப் பார்க்க வேண்டியதில்லை என்பது அவன் கனவு. அந்தக் கனவைப் பூச்சிகள் ஒப்புக்கொள்கின்றனவா என்று பார்ப்பது அவள் வேலை. வலையைப் போட்டு, அள்ளி, ஸ்பிரிட்டில் இட்டு, நுண்ணோக்கியின் கீழே கால்களையும் வால்களையும் எண்ணி இனம் பிரிப்பாள்.

பெரும்பாலும் ஒப்புக்கொண்டன. மலைச்சரிவின் முதல் வகை ஓடைகளில், குளிர்ந்த தண்ணீரில், கல்லுக்கடியில் இரட்டைவால் பூச்சியின் இளசுகள். ஊருக்குள் மந்தமாக ஓடும் ஐந்தாம் வகையில் சிவப்புப் புழுக்கள். சில நாள் லேபிளைப் பார்க்காமலே குப்பியைத் திறந்து வகையைச் சொல்லிவிடுவாள். பின்னால் நின்றபடி அண்ணன் சின்னப் பையன் மாதிரி கை தட்டுவான். அந்தக் கைதட்டலை நினைத்தபோது கோபம் இன்னும் ஏறியது.

பிறகு ஊர் ஆலைக்குப் பின்னால் ஓடும் ஓடையின் முறை வந்தது. வரைபடத்தில் அது அசல் ஐந்தாம் வகை. குப்பியில் சிவப்புப் புழுக்களோடு இரட்டைவாலும் இருந்தது. நம்பாமல் திரும்பவும் போனாள். வளைவில் கையை விட்டதும் விரல்கள் விறைத்தன. அடியில் ஊற்று. வரைபடத்துக்குத் தெரியாத ஊற்று.

"அந்தப் பூச்சி தப்பான எடத்துல இருக்கு," என்றான் அண்ணன். அவள் சிரித்துவிட்டாள். அவன் சிரிக்கவில்லை.

"ஊத்தையும் கணக்குல சேர்த்துக்கோ. தண்ணியோட சூட்டைச் சேர்த்து இன்னொரு வகை போடு. உன் வேலை கெட்டுப் போகாது, சரியாகும்."

"அதுக்கு எல்லா ஓடைலயும் எறங்கணும்."

"எறங்கு."

அவன் இறங்கவில்லை. ஐந்தாம் வகை ஓடைகளை மூடி மேலே சாலை போடலாம் என்று சாலைத் துறை அதற்குள் முடிவு செய்துவிட்டது. சுத்தமான தண்ணீரின் அடையாளமான இரட்டைவால் இருக்கும் ஓடையை மூடச் சட்டம் விடாது. ஆகவே இரட்டைவால் இல்லை என்றாக வேண்டும்.

வீட்டு மனிதர்களையும் அவன் அப்படித்தான் பிரித்து வைத்திருந்தான். அண்ணி பயந்தவள். அத்தை வாயாடி. தங்கை கோபக்காரி. அண்ணி தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு மலைப்பாதையில் போய் வந்த அன்று, "ரோடு காலியா இருந்திருக்கும்," என்றான். வகை மாறாது. ஆள்தான் அன்றைக்கு ஏதோ தடம் மாறியிருக்க வேண்டும்.

"பூச்சி." அண்ணி வாசலில் நின்றாள். அழுது முகம் வீங்கியிருந்தது. "உங்க பெரிய சார் வந்திருக்கார். அவர் படிப்பறையில இருக்கார். உன்கிட்ட தனியாப் பேசணுமாம்."

அலுவலகத்தின் இயக்குநரை எல்லோரும் பெரிய சார் என்பார்கள். அண்ணனின் புத்தக அலமாரிக்கு முன்னால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"உங்க அண்ணன் மாதிரி ஒரு ஆள் இனிமே வரமாட்டாங்கம்மா."

அவள் தலையசைத்தாள்.

"இதைப் பேசுற நேரம் இல்லதான். ஆனா சாலைத் துறைலேந்தும் வந்திருக்காங்க. அமரர் வண்டி கெளம்புறதுக்கு முன்னாடி நான் பேசுறேன். வகைப்பாட்டுக்கு அவர் பேரையே வெக்கிறதா சொல்லப் போறேன்."

"நல்லது சார்."

"ஒரே ஒரு ஓடைதான் இடிக்குது. லேபிள் எழுதினவங்க நீங்க. மாறிடுச்சுன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா யாரும் மேல கேக்கமாட்டாங்க."

"மாறல சார்."

"அது வெறும் சாக்கடைம்மா."

"நீங்க அதுல கையை விட்டுப் பாத்திருக்கீங்களா?"

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அண்ணிகிட்ட பேசிட்டேன். அவங்களுக்காகவாவது யோசிங்க. வெளில இருக்கேன்."

அவர் வெளியே போக, அண்ணி உள்ளே வந்தாள். இவள் முதல் முறையாக மேசையைச் சரியாகப் பார்த்தாள்.

உடம்பு முடியாமல் வீட்டோடு ஆனபோது அண்ணன் அந்த ஓடையின் குப்பியைக் கேட்டு வாங்கிக்கொண்டான். திறக்கமாட்டான் என்றே அவள் நினைத்திருந்தாள். இப்போது நுண்ணோக்கியின் உறை கழற்றிக் கிடந்தது. குப்பியின் மூடி தனியே இருந்தது. உள்ளே ஸ்பிரிட் பாதிக்குமேல் ஆவியாகிவிட்டிருந்தது. கண்ணாடித் தட்டில், நட்ட நடுவில், ஓர் இளம்பூச்சி காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. பேனாவின் மூடியைக்கூடத் திறந்து வைக்காதவன் அவன்.

"எப்போ பாத்தான்?"

"போன வாரம்," என்றாள் அண்ணி. "நான்தான் தூக்கி உக்கார வெச்சேன். ரொம்ப நேரம் பாத்தார். அப்புறம் என்னைப் பாக்கச் சொன்னார். வால் எத்தனைன்னு கேட்டார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ரெண்டுன்னு சொன்னேன். லைட்டை அணைன்னார். அன்னிக்கு ஒண்ணும் சாப்பிடல."

தெரியாமல் பிடிவாதம் பிடித்தான் என்றுதான் இத்தனை நேரம் அவனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். அதை என்றாவது மன்னித்திருக்கலாம். பார்த்திருக்கிறான். பார்த்து, இன்னொரு கண்ணைக் கொண்டும் சரிபார்த்து, அதைக் காயவிட்டு, அதற்குப் பிறகும் அவள் கண்ணைப் பார்த்து லேபிள் என்றான். உள்ளே போய் அந்தச் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. தான் பொத்தான் போட்ட சட்டை.

"ஒரே ஒரு வார்த்தைதானே பூச்சி," அண்ணி அவள் கையைப் பிடித்தாள். "அவர் பேருல ஒண்ணாவது மிஞ்சட்டும். இந்த வீட்டுக்கு வந்ததுலேந்து நான் உன்கிட்ட எதுவும் கேட்டதில்ல."

அது உண்மை. எதையும் கேட்டதில்லை. அண்ணி கத்தியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். பயந்தவள் என்று பெயர் வாங்கியவளின் கை சூடாகவும் உறுதியாகவும் இருந்தது.

"நீங்களே பாத்தீங்க இல்ல அண்ணி?"

அண்ணி கையை மட்டும் விடாமலிருந்தாள்.

"எங்கிட்ட கேக்கணும்னு அவர் உங்ககிட்ட சொன்னானா?"

அந்த நேரத்திலும் அவர் என்றும் அவன் என்றும் கலந்துவிட்டதை அவளே கவனித்தாள். அண்ணி இல்லையென்று தலையை மட்டும் ஆட்டினாள்.

வெளியே வண்டியின் கதவு திறக்கும் சத்தம். நாற்காலிகள் நகர்ந்தன. "எங்கடி போனா அவ, கடைசியா ஒரு தடவை வந்து பாக்கட்டும்," என்று அத்தையின் குரல் கூடத்தைத் தாண்டி வந்தது. பெரிய சார் கதவருகில் தொண்டையைச் செருமினார்.

"சொல்லிடலாமாம்மா?"

அவள் அண்ணியின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்காமல், அந்தக் கையை அப்படியே தன் கையோடு ஒரு கணம் வைத்திருந்து, பிறகு மேசை விளிம்பில் விட்டாள். அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து ஸ்பிரிட் பாட்டிலை எடுத்தாள். தட்டில் சொட்டுச் சொட்டாக விட்டாள். உடம்பு இளகும்வரை காத்திருந்தாள். பிரஷ் நுனியால் மெல்லத் தூக்கிக் குப்பிக்குள் இறக்கினாள். மற்றவற்றின் மேல் அது ஆடி ஆடிப் போய் உட்கார்ந்தது. கழுத்துவரை ஸ்பிரிட்டை ஊற்றி மூடியை இறுக்கினாள்.

"லேபிள் சரியா இருக்கு சார்," என்றாள். சத்தமே இல்லை அந்தக் குரலில்.

அத்தை மறுபடியும் கூப்பிட்டாள். கண்ணாடித் தட்டில், பூச்சி ஒட்டியிருந்த இடத்தில், ஒரு கால் மட்டும் பிரிந்து தங்கிவிட்டிருந்தது. அவள் குனிந்து, அதை எடுக்க இடுக்கியைத் தேடினாள்.